காதுக்குப் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை

"டாக்டர், ஊரில் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இங்கே தேராவில் ஒரு காது மெஷின் 150 திர்ஹத்துக்குப் பார்த்தோம். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்து அனுப்பலாமா?"

இந்தக் கேள்வி எங்களிடம் வராத மாதம் கிடையாது. கேட்பவர்கள் எல்லோருமே பாசமுள்ள பிள்ளைகள். தொலைபேசியில் ஒன்று கேட்டால் அம்மாவிடமிருந்து வேறொன்று பதிலாக வருகிறது. மனம் பொறுக்காமல் கடைக்குப் போகிறார்கள். இதற்கு நேர்மாறான கேள்வியும் வரும். "கிளினிக்கில் ஒரு காதுக்கு மட்டும் 4,000 திர்ஹம், 5,000 திர்ஹம் என்கிறார்கள். சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக்குக்கு இவ்வளவா? இது பகல் கொள்ளை இல்லையா?"

இரண்டு கேள்விக்கும் பதில் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. 150 திர்ஹம் மெஷினுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒலிபெருக்கி மட்டுமே. நல்ல கேட்கும் கருவிக்குள் இருப்பது ஒரு கணினி. டிஜிட்டல் சிக்னல் பிராசஸர் என்று அதற்குப் பெயர், சுருக்கமாக டி.எஸ்.பி. ஒலியை எண்களாக மாற்றி, அந்த எண்களின் மேல் கணக்குப் போட்டு, மறுபடியும் ஒலியாக்கித் தரும் சிப் அது. இந்த இதழில் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று எழுதி வந்த நாங்கள் திடீரென எலெக்ட்ரானிக்ஸ் பேசுகிறோமே என்று பார்க்காதீர்கள். இதைப் புரிந்துகொள்ளாததால் வீணாகும் பணத்தையும், பணத்தைவிடப் பெரிதான காலத்தையும் நாங்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சத்தம் வேறு, தெளிவு வேறு

உள்காதில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 16,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. நத்தையின் வாசலில் நிற்பவை கீச்சென்ற உயர் ஒலிகளையும், உள்கோடியில் நிற்பவை தடித்த தாழ் ஒலிகளையும் பிடிக்கின்றன. முதுமையானாலும் இரைச்சலானாலும் முதலில் அடிபடுவது பெரும்பாலும் வாசலில் நிற்கும் அணுக்களே.

அதனால் என்ன ஆகிறது? ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகள் நன்றாகவே கேட்கும். அவை தாழ்ந்தவை, பலமானவை. ச, ஸ, ஷ, த, க, ப போன்றவை மெல்லியவை, பெரும்பாலும் உயர்ந்தவை. அவை நழுவிவிடும். "பால் வேணுமா" என்று கேட்டால் "காலிலே ஒண்ணும் இல்லையே" என்று பதில் வரும். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பல பெரியவர்கள் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். "கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை" என்று எங்களிடம் சொல்பவர்கள் நோயை மிகச் சரியாக வர்ணிக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மயிரணுக்களில் ஒரு பகுதி, மெல்லிய ஒலியைப் பெரிதாக்கிக் கொடுக்கும் வேலையைச் செய்கிறது. அவை போய்விட்டால் மெல்லிய ஒலி கேட்காது. பெரிய ஒலியோ முன்பு போலவே காதைத் துளைக்கும். "கொஞ்சம் சத்தமாப் பேசு" என்றவர் அடுத்த நிமிடமே "ஏன் இப்படிக் கத்துறே?" என்று கோபிப்பார். மருமகள்மாருக்கு ஒரு வார்த்தை: இது குணக்கோளாறு இல்லை, அணுக்கோளாறு.

ஆகவே இந்தக் காதுக்குத் தேவை உயர் ஒலிக்கு அதிக உதவி, தாழ் ஒலிக்குக் குறைந்த உதவி. மெல்லிய ஒலிக்கு அதிகம், பெரிய ஒலிக்குக் குறைவு. அதுவும் வலக்காதுக்கு ஒரு கணக்கு, இடக்காதுக்கு வேறு கணக்கு. வெறும் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஒரே அளவில் தூக்கிக் கொடுக்கிறது. பேத்தியின் பேச்சையும் தூக்கும், குக்கர் விசிலையும் தூக்கும். ஒரு வாரத்தில் அது மேசை இழுப்பறைக்குள் போய்விடும். "அம்மாவுக்கு மெஷின் ஒத்துவரவில்லை" என்ற தீர்ப்போடு விஷயம் முடிந்துவிடும். நல்ல கருவி கிடைத்தாலும் அதன் பிறகு அம்மா போட மாட்டார்.

பெருக்கலும் கூட்டலும்

மைக் ஒலியை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தை ஒரு விநாடிக்கு 16,000 அல்லது 20,000 முறை அளந்து, ஒவ்வொரு முறையும் ஓர் எண் எழுதிக்கொண்டால், பேச்சு என்பது எண்களின் நீண்ட வரிசையாகிவிடும். அதன் பிறகு எல்லாமே கணக்குத்தான்.

பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும். 2, 8, 2, 8 என்று எண்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வேகமாக ஏறி இறங்குகிறது, ஆகவே இது உயர் ஒலி. பக்கத்துப் பக்கத்து எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள்: 5, 5, 5. ஏற்ற இறக்கம் மறைந்தே போனது. இப்போது 2, 3, 4, 5 என்ற மெதுவான வரிசைக்கு அதையே செய்யுங்கள்: 2.5, 3.5, 4.5. மெதுவான ஏற்றம் அப்படியே இருக்கிறது. அதாவது இந்தச் சின்னக் கணக்கு தாழ் ஒலியை விட்டு உயர் ஒலியைத் தடுக்கிறது. கூட்டாமல் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: முதல் வரிசை 6, -6, 6 என்று துள்ளும், இரண்டாவது 1, 1, 1 என்று ஒடுங்கிவிடும். இதுதான் டிஜிட்டல் வடிகட்டி. உண்மையான கருவியில் இரண்டு எண்களுக்குப் பதில் பல பத்து எண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவார்கள். எடைகளை மாற்றினால் வடிகட்டியின் குணம் மாறும். சிப்பை மாற்ற வேண்டியதில்லை, எண்களை மாற்றினால் போதும். 'புரோகிராம் செய்யக்கூடிய' என்ற சொல்லின் பொருள் இதுவே.

ஆனால் கணக்கின் அளவைப் பாருங்கள். 64 எடைகள், விநாடிக்கு 16,000 எண்கள் என்றால், ஒரே ஒரு வடிகட்டிக்கு விநாடிக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள். சாதாரண சிப்புகள் ஒரு காலத்தில் ஒரு பெருக்கலைப் பல கூட்டல்களாக உடைத்து நிதானமாகச் செய்தன. டி.எஸ்.பி. சிப்பில் பெருக்குவதற்கென்றே தனிச் சுற்று உண்டு. பெருக்கிய கையோடு கூட்டியும் வைத்துவிடும். கட்டளைகளுக்கு ஒரு வழி, எண்களுக்கு வேறு வழி என்று இரண்டு வாசல் வைத்துக் கட்டியிருப்பதால் நெரிசலும் இல்லை. பழைய மளிகைக்கடைகளில் தலை நிமிராமல் பெருக்கிக் கூட்டிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை நினைவுக்கு வருகிறாரா? வேறு எந்த வேலையிலும் அவர் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இந்தச் சிப்புகள் 1970களின் கடைசியில் வரத் தொடங்கின. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1978 இல் பேசும் எழுத்துப் பொம்மை ஒன்றை விற்றது. அதே நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட டிஎம்எஸ் 32010 என்ற சிப் விநாடிக்கு 50 இலட்சம் கட்டளைகளை முடித்தது. அந்த நிறுவனம் 1985 இல் பெங்களூரில் ஆய்வுக்கூடம் திறந்தது நம்மவர் பலருக்குத் தெரிந்திருக்கும். பிறகு மொபைல் போன்களுக்குள் இந்தச் சிப்புகள் நுழைந்தன. முன்பெல்லாம் வளைகுடாவிலிருந்து ஊருக்குப் பேசினால் நம் குரலே திரும்பி வந்து நம்மைக் குழப்பும், நினைவிருக்கிறதா? அந்த எதிரொலியைக் கழித்துவிடுவதும் இதே கணக்குத்தான்.

காதுக்குள் வருவதற்குத்தான் நாளாயிற்று. 1.4 வோல்ட் தரும் பொட்டு பேட்டரியில், பல நாட்கள் ஓட வேண்டும். 1980களில் செய்யப்பட்ட டிஜிட்டல் கருவி சட்டைப்பையில் வைக்கும் பெட்டியாக இருந்தது, விலைபோகவில்லை. 1996 வாக்கில்தான் டென்மார்க்கின் வைடெக்ஸ், ஒட்டிக்கான் என்ற இரு நிறுவனங்கள் காதோடு பொருந்தும் முழு டிஜிட்டல் கருவிகளைக் கொண்டுவந்தன.

கருவிக்குள் நடப்பது

வரும் ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் எவ்வளவு பெரிதாக்குவது என்று தனித்தனியே கணக்கிடுகிறது. பெரிய ஒலி வந்தால் உடனே உதவியைச் சுருக்கிக்கொள்கிறது. பழைய மெஷின்கள் "கீ..." என்று கூவி கோவிலிலும் கல்யாண வீட்டிலும் மானத்தை வாங்குமே, அந்தக் கூவலைக் கண்டுபிடித்து அதற்கு எதிரான எண்களைக் கூட்டி அழித்துவிடுகிறது. இரண்டு மைக்குகள் உள்ள கருவியில் அவற்றுக்கிடையே ஒரு சென்டிமீட்டர் அளவே இடைவெளி இருக்கும். முன்னாலிருந்து வரும் ஒலி இரண்டையும் தொடும் நேர வித்தியாசம் ஒரு விநாடியின் இலட்சத்தில் மூன்று பங்கு. அந்த வித்தியாசத்தை வைத்தே முன்னால் பேசுபவரை எடுத்து, பின்னால் வரும் இரைச்சலைக் குறைக்கிறது.

நம் வீடுகளில் வருடத்தில் பாதிக்கு மேல் ஏசி ஓடுகிறது. ஏசியின் உறுமல் ஒரே சீராக இருக்கும். பேச்சோ விநாடிக்கு நாலைந்து அசைகளாக ஏறி இறங்கும். இந்த வித்தியாசத்தைக் கொண்டு கருவி உறுமலைத் தாழ்த்திவிடும். ஆனால் ஒரே அறையில் பத்துப்பேர் பேசினால்? அதுவும் பேச்சு, இதுவும் பேச்சு. எது மாமாவின் குரல், எது வேண்டாத குரல் என்று சிப்புக்கு எப்படித் தெரியும்? அண்மைக் காலக் கருவிகள் இதில் முன்னேறியிருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் கல்யாண மண்டபத்தில் எல்லாம் தெளிவாகக் கேட்கும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

இத்தனை கணக்கும் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்குள் முடிய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். தாமதித்தால் நேராகக் காதில் விழும் ஒலியும் கருவி தரும் ஒலியும் ஒன்றோடொன்று மோதி, சொந்தக் குரலே குடத்துக்குள் பேசுவது போலிருக்கும்.

யாருடைய எண்கள்?

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. ஒரே மாடல் கருவி இரண்டு பேருக்கு விற்கப்பட்டால் சிப் ஒன்றுதான். உள்ளே எழுதப்படும் எண்கள் வேறு. காதுப் பரிசோதகர், அதாவது ஆடியோலஜிஸ்ட், ஒலி புகாத அறையில் உங்கள் ஒவ்வொரு காதுக்கும் ஆடியோகிராம் எடுக்கிறார். அதைக் கணினியில் ஏற்றியதும் எந்தப் பட்டைக்கு எவ்வளவு உதவி என்று ஒரு சூத்திரம் கணக்கிடுகிறது. ஆஸ்திரேலியாவில் உருவான என்.ஏ.எல். என்ற சூத்திரம் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் பிந்திய வடிவத்தில், பேசுவது சீன மொழி போன்ற தொனி மொழியா என்றுகூட ஒரு கேள்வி உண்டு. தமிழ் தொனி மொழி அல்ல. பிறகு காதுத் துவாரத்துக்குள் மெல்லிய குழாய் மைக் வைத்து, கணக்கிட்ட ஒலி உண்மையில் செவிப்பறைக்குப் போய்ச் சேருகிறதா என்று அளக்க வேண்டும். சில வாரம் போட்டுப் பார்த்தபின் மறுபடி திருத்த வேண்டும்.

கிளினிக்கில் சொன்ன விலையில் பெரும்பகுதி இந்த வேலைக்கு. ஆகவே விலையைக் கேட்கும்போது "எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், காதுக்குள் மைக் வைத்து அளப்பீர்களா" என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் 5,000 திர்ஹமும் அநியாய விலைதான்.

ஊரிலிருக்கும் அம்மாவுக்கு? எங்கள் யோசனை இதுதான்: இங்கிருந்து கருவி அனுப்பாதீர்கள், பணம் அனுப்புங்கள். சோதனையும் புரோகிராமும் அம்மாவின் பக்கத்திலேயே நடக்கட்டும். அடிக்கடி போய்வரக்கூடிய தூரத்தில் ஆடியோலஜிஸ்ட் இருப்பது உயர்ந்த மாடலைவிட முக்கியம். காலமான பெரியப்பாவின் நல்ல கருவி வீட்டில் கிடக்கிறதா? அப்படியே எடுத்து மாட்டிவிடாதீர்கள், எறிந்தும் விடாதீர்கள். அதன் சக்தி பொருந்தினால், அந்த மாடலுக்கான மென்பொருளும் கிடைத்தால், பெரியப்பாவின் எண்களை அழித்து அம்மாவின் எண்களை எழுதிக்கொள்ளலாம். காது அச்சு மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும்.

இப்போது இயர்போன்களும் இந்த வேலையில் இறங்கிவிட்டன. 2024 இல் அமெரிக்க எஃப்.டி.ஏ., ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ 2 இயர்போனைக் கேட்கும் கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, குறைவான அல்லது நடுத்தரக் குறைபாட்டுக்கு மட்டும். போனிலேயே சோதனை செய்து எண்களை எழுதிக்கொள்கிறது. நாங்கள் இதை இளப்பமாக நினைக்கவில்லை, தகுதியானவர்களுக்கு நல்ல தொடக்கம். குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

இன்னொன்று. ஒரு காது மட்டும் மந்தமாவது, காதில் சீழ், வலி, தலைசுற்றல் இருந்தால் கருவிக் கடைக்குப் போகாமல் முதலில் மருத்துவரிடம் வாருங்கள். ஓரிரு நாளில் திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். ஸ்டீராய்டு மருந்து தொடங்குவதில் நாட்கள் கணக்கு, வாரங்கள் அல்ல. "அழுக்கு அடைத்திருக்கும்" என்று காய்ச்சிய எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்து வருபவர்களை நாங்கள் இன்னும் பார்க்கிறோம்.

ஜெனரேட்டர், கம்ப்ரஸர், வெல்டிங் பட்டறை என்று வேலை பார்ப்பவர்களுக்கு: 85 டெசிபல் இரைச்சலில் எட்டு மணி நேரம் என்பது எல்லை. 88 ஆனால் நாலு மணி நேரம். காதடைப்பான் சங்கடமாக இருக்கிறது என்று கழற்றி வைப்பவர்கள் நாற்பது வயதில் எங்களிடம் வருகிறார்கள். ஷெல்லடிக்கு நடுவே வளர்ந்து, அகதிகளாக வெளியேறிய எங்களைப் போன்றவர்களில் பலருக்கு ஒரு காது அன்றைக்கே போய்விட்டது. உயிர் தப்பியதே பெரிது என்று காதைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போதாவது ஒரு ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளலாம்.

"அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்"

பெரியவர்கள் விஷயத்தில் தாமதம் ஏற்பட்டால் நஷ்டம் உண்டு, ஈடுசெய்ய வழியும் உண்டு. குழந்தைகள் விஷயத்தில் அப்படியில்லை.

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் காது கேளாமையோடு பிறக்கின்றன. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் சமூகங்களில் இது கூடுதல், ஏனெனில் ஒரே மரபணுக் குறை அப்பா அம்மா இருவரிடமும் மறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இதில் தாயின் சாப்பாட்டுக்கும் கிரகணத்துக்கும் எந்தப் பங்கும் இல்லை. உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு 1-3-6: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி தொடக்கம். பிறந்தது முதல் மூன்று வயது வரை மூளை பேச்சுக்கான பாதைகளை வெட்டிக்கொண்டிருக்கிறது. ஒலி வராவிட்டால் அந்த இடத்தை வேறு வேலைகள் எடுத்துக்கொள்ளும்.

நம் குடும்பங்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார்கள். சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறக்கிறது, அங்கே காதுச் சோதனை செய்யும் கருவி இல்லாமலிருக்கலாம். பாஸ்போர்ட், விசா எல்லாம் முடிந்து நாலைந்து மாதத்தில் குழந்தை இங்கே வருகிறது. அங்கே பார்த்திருப்பார்கள் என்று இங்கேயும், இங்கே பார்ப்பார்கள் என்று அங்கேயும் விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டையைப் புரட்டிப் பார்க்கும்போது காதுச் சோதனைக்கான குறிப்பே இருக்காது. உங்கள் குழந்தை இப்படி வந்த குழந்தை என்றால், இந்த வாரமே கேளுங்கள். தூங்கும் குழந்தையின் காதில் சிறிய முனையை வைத்து டிக் டிக் என்று ஒலி கொடுப்பார்கள். நல்ல காக்ளியா அதற்குத் திருப்பி ஒரு மிக மெல்லிய எதிரொலி தரும். நூற்றுக்கணக்கான எதிரொலிகளைக் கூட்டிக் கூட்டி, இரைச்சலிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது அந்தக் கருவிக்குள் இருக்கும் நம் கணக்குப்பிள்ளையேதான். வலி இல்லை, சில நிமிட வேலை.

ஊரும் பேரும் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறோம். ஒருவனுடைய தாய்க்கு எட்டாம் மாதத்திலேயே சந்தேகம். குக்கர் விசிலுக்குப் பிள்ளை திரும்பவில்லை. "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொன்னார். தாய் கேட்கவில்லை, எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. முதலில் கருவி, போதாதென்று தெரிந்ததும் ஒன்றரை வயதில் சென்னையில் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைச் சிகிச்சை. இப்போது அவன் தங்கையோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் சண்டை போடுகிறான். மற்றவள் வந்தது ஆறு வயது கடந்தபின். அதே இம்ப்ளாண்ட், அதே தரமான சிப். கதவு தட்டினால் திரும்புகிறாள், பெயர் சொன்னால் வருகிறாள். பேச்சு இன்னும் சில சொற்களில் நிற்கிறது. சைகையில் மிகக் கெட்டிக்காரி, படம் வரைவதில் இன்னும் கெட்டிக்காரி. எனினும் அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாயிருக்கிறது.

இம்ப்ளாண்ட்: பாதி வேலைதான் அறுவைச் சிகிச்சை

மெல்போர்னில் கிரேம் கிளார்க் 1978 ஆகஸ்ட் 1 அன்று தன் முதல் பல-மின்முனை இம்ப்ளாண்டைப் பொருத்தினார். அதே காலத்தில் வியன்னாவில் இங்கெபோர்க் ஹோக்மேயர் தம்பதியர் தங்கள் கருவியை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் பிளேக் வில்சன் 1991 இல் வெளியிட்ட கணக்குமுறை பேச்சைப் புரியவைப்பதில் பெரிய தாவல். மூவருக்கும் 2013 இல் லாஸ்கர் விருது கிடைத்தது. வில்சனின் முறையை எளிதாகச் சொன்னால்: வெளியே காதில் இருக்கும் சிப் ஒலியைப் பட்டைகளாகப் பிரிக்கிறது, ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கத்தை அளக்கிறது, அதற்கேற்ற மின் துடிப்புகளை காக்ளியாவுக்குள் இருக்கும் மின்முனைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நேரத்தில் மோதாதபடி அனுப்புகிறது. நிறுவனத்தைப் பொறுத்து மின்முனைகள் 12 முதல் 22 வரை. ஆயிரக்கணக்கான மயிரணுக்களின் வேலையை அவ்வளவு சிலவே செய்கின்றன! பேச்சுக்கு அது போதுகிறது. இசைக்குப் போதாது. சுருதியின் நுட்பம் சரியாக வராது என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்துத்தான் சுவிட்ச் போடுவார்கள். ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரத்தில் கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவில் சங்கடமாகிறது என்று கண்டுபிடித்து எழுதுவதற்கு 'மேப்பிங்' என்று பெயர். முதல் ஆண்டில் இதைப் பலமுறை செய்ய வேண்டும். நம்மவர் பலர் செலவு கருதியும் உறவுகள் கருதியும் சென்னையில் செய்துகொண்டு விடுமுறை முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, நீங்கள் வாழும் நகரில் அந்த நிறுவனத்தின் மேப்பிங் மென்பொருளும் ஆடியோலஜிஸ்டும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தோஹாவின் ஹமத் மருத்துவக் கழகம், ரியாதின் மன்னர் அப்துல்லா காது சிறப்பு மையம் போன்ற பெரிய இடங்கள் வளைகுடாவில் உண்டு. வெளிநாட்டவருக்கு எவ்வளவு செலவு, எத்தனை நாள் காத்திருப்பு என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள். சில வகைகளுக்கு இணையம் வழியாகவும் மேப்பிங் செய்யலாம், அமெரிக்க எஃப்.டி.ஏ. 2017 இல் முதன்முதலில் அதற்கு அனுமதி கொடுத்தது.

பணம்? இங்குள்ள காப்பீட்டுப் பாலிசிகளில் பல, கேட்கும் கருவிகளை விலக்கி வைத்திருக்கின்றன. விலக்குப் பட்டியலை வாசித்துப் பாருங்கள், வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது நம் பழக்கம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இம்ப்ளாண்டுக்கு உதவுகிறது, வருமான வரம்பு உண்டு. இந்திய மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டமும் உண்டு. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். உள்ளே பொருத்திய பாகம் பல்லாண்டுகள் அப்படியே இருக்கும். வெளியில் உள்ள சிப்புக்கு மட்டும் காலத்துக்கேற்ற புதியது வாங்கிக்கொள்ளலாம்.

தமிழை நிறுத்தாதீர்கள்

"காது கேளாத பிள்ளை, ஒரே மொழி போதும், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று பெற்றோருக்குச் சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை. கருவியோ இம்ப்ளாண்டோ நேரத்தோடு கிடைத்த பிள்ளைகள் இரண்டு மொழிகளைக் கற்க முடிகிறது என்பது இன்று நன்கு தெரிந்த விஷயம். அதைவிட முக்கியம், பிள்ளைக்குத் தேவை நாள் முழுவதும் நிறைவான, தடையில்லாத பேச்சு. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் அம்மாவுக்கு வாயில் வருவது தமிழ். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசுவதைவிட, தமிழில் நாலாயிரம் வார்த்தை பேசுவது அந்த மூளைக்கு நல்ல உணவு. சிப்புக்கு மொழி தெரியாது, பட்டைகள்தான் தெரியும்.

இனி நம் தட்பவெப்பத்துக்கான சில சொற்கள். கோடையின் ஈரப்பதமும் வியர்வையும் கருவிக்கு எதிரி. இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் குளிகைகள் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். நிறுத்தி வைத்த காருக்குள் விட்டுச் செல்ல வேண்டாம். எண்ணெய்க் குளியலுக்கு முன் கழற்றுங்கள். காற்றால் இயங்கும் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்தபின் சில நிமிடம் வைத்திருந்து போட்டால் அதிக நாள் வரும். பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒவ்வொரு காலையும் கருவியை மாட்டியதும், ஏசியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகளைச் சொல்லுங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். லிங் சோதனை என்று பெயர். தாழ் ஒலியிலிருந்து உயர் ஒலி வரை எல்லாப் பட்டைகளும் இந்த ஆறில் அடங்கிவிடும். பெரிய பிள்ளை திருப்பிச் சொல்லும், சின்னது திரும்பிப் பார்க்கும். நேற்று வரை 'ஸ்' கேட்டது, இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரியையும் குழாயையும் பாருங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் அன்றைக்கே ஆடியோலஜிஸ்டைக் கூப்பிடுங்கள்.